ஊர்க் கூட்டத்தில் எழுதிய தாளும் பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையும்

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். கல்யாணமாகி 11 வருடம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. கணவர் ராமேஸ்வரத்தில் வேறொருவருடைய விசைப்படகில் டிரைவர். ஒன்றரை வருடமாகப் பிரிந்திருக்கிறோம். நான் மண்டபத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். 14 மாதத்துக்கு முன்னால் ஊர்க் கூட்டம் போட்டு எனக்கு 1 லட்ச ரூபாய் கொடுத்தார்கள். 20 ரூபாய்ப் பத்திரத்தில் "இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், பிள்ளைகளுக்கும் சேர்த்து இதுவே முழுத் தொகை, இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பணம் அடகு வைத்த நகையை மீட்கவும் மகனுடைய வீசிங் வைத்தியத்துக்கும் போய்விட்டது. நண்டு கம்பெனிக்குப் போய் வருகிறேன், மாதம் 12 நாள் வேலை கிடைத்தால் பெரிது. கணவரைக் கேட்டால், "பாடு இல்லை, பாதி வருஷம் படகு கரையில் கிடக்கு. கேஸ் போட்டால் பிள்ளைகளை எடுத்துக்குவேன்" என்கிறார். கையெழுத்துப் போட்ட நான் இனிமேல் கேட்க முடியுமா? கடல் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாதே, எவ்வளவு என்று கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: கேட்கலாம். ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட அந்தத் தாளில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. ஒன்று உங்கள் பிள்ளைகளைத் தொடவே முடியாது. இன்னொன்று உங்களைப் பிடித்து இழுக்கும்.

"பிள்ளைகளுக்கும் சேர்த்து இதுவே முழுத் தொகை" என்ற வரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. தகப்பனிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமை பிள்ளையுடையது. தாய் அந்த உரிமையை வைத்திருப்பவர் அல்ல, பிள்ளையின் சார்பில் பேசுகிறவர். தன்னுடையது அல்லாததை யாரும் விட்டுக்கொடுத்து எழுதிவிட முடியாது. ஊரார் பத்துப் பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும், பத்திரம் 20 ரூபாயானாலும் 100 ரூபாயானாலும் இதில் மாற்றமில்லை.

"மனமொத்துப் பிரிகிறோம்" என்ற வரிதான் கவனிக்க வேண்டியது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் பராமரிப்புக் கேட்பது இதன் கீழ்தான். அதன் 4-ஆம் உட்பிரிவு, கணவன் மனைவி பரஸ்பர சம்மதத்தோடு தனித்தனியே வாழ்ந்தால் மனைவிக்குத் தொகை கிடையாது என்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். அந்த உட்பிரிவு மனைவியின் கோரிக்கைக்கு மட்டுமே உரியது, பிள்ளைகளின் கோரிக்கைக்கு அது பொருந்தாது. ஆகவே மனுவில் பிள்ளைகள் இருவரையும் தனித்தனி மனுதாரர்களாக, தாய் மூலமாக என்று சேர்த்து, ஒவ்வொருவருக்கும் தனித் தொகை கேட்க வேண்டும். "எனக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் இவ்வளவு" என்று ஒரே தொகையாகக் கேட்டால், உங்கள் பங்கு அடிபடும்போது பிள்ளைகள் பங்கும் குழம்பும். உங்களுக்காகவும் கேளுங்கள். எந்தச் சூழ்நிலையில் கையெழுத்திட்டீர்கள், அதற்கு முன் எத்தனை மாதம் வீட்டுச் செலவுக்குப் பணம் தரவில்லை, கூட்டத்தில் உங்கள் பக்கம் யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த 1 லட்சத்தை மறைக்காதீர்கள். மறைத்தால் முதல் வாய்தாவிலேயே அவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார். கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்: 1,00,000 ரூபாயை 14 மாதத்துக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்தால், ஒரு பிள்ளைக்கு மாதம் சுமார் 3,570 ரூபாய். உங்களுக்கென்று ஒரு காசும் இல்லை. கழிந்த மாதங்களின் செலவுக்கே அது சரியாகப் போயிற்று என்று இந்தக் கணக்கு காட்டிவிடும். இனி வரும் மாதங்களுக்கு அதில் மிச்சம் எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவில் மனு போட்ட தேதியிலிருந்துதான் தொகை கிடைக்கும், அதற்கு முந்தைய மாதங்களுக்குக் கிடையாது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று கொடுத்த தீர்ப்பு, பராமரிப்புத் தொகையை மனு தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று வகுத்தது. "மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும், பெருநாள் கழியட்டும்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைகள் கணக்கில் நிரந்தர நஷ்டம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இங்கேதான் கரையோரத்து வழக்குகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. சம்பளச் சீட்டு இருந்தால் எந்த நீதிமன்றமும் பத்து நிமிடத்தில் ஒரு தொகைக்கு வந்துவிடும். பங்குக்குப் போகிறவருக்கு, அதாவது மீன் விற்ற பணத்தில் பங்கு வாங்குகிறவருக்கு, அப்படி ஒரு சீட்டு கிடையாது. கணவர் "மாதம் 4,000 கூட வராது" என்பார், நீங்கள் கோபத்தில் "மாதம் 60,000 சம்பாதிக்கிறார்" என்று எழுதுவீர்கள், ஆதாரம் இரண்டு பக்கமும் இருக்காது. கடைசியில் நீதிபதி கூலி வேலைக்காரர் கணக்கில் ஒரு குறைந்த தொகையைப் போட்டுவிடுவார். இதைத் தவிர்க்க ஒரே வழி, அவர் சொல்லும் "பாதி வருஷம் கரையில்" என்பதையே வைத்து வருடக் கணக்குப் போட்டுக் காட்டுவது.

கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். இதை 9 வாரம் என்று கழித்தால் மீதி 43 வாரம். ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்கு நாட்டுப்படகோடு ஏற்பட்ட ஏற்பாட்டின்படி வாரம் மூன்று நாள் தொழில்: திங்கள், புதன், சனி. அப்படியானால் அதிகபட்சம் 129 நாள். புயல் எச்சரிக்கை, காற்று, இலங்கைக் கடற்படையின் சிறைபிடிப்புக்குப் பிறகு நடக்கும் வேலைநிறுத்தம், எஞ்சின் பழுது என்று தாராளமாகவே 39 நாளைக் கழியுங்கள். மிஞ்சுவது 90 நாள். டீசல், ஐஸ், ரேஷன் செலவு போக டிரைவருக்கு ஒரு தொழிலுக்கு 2,000 முதல் 3,000 வரை கைக்கு வந்ததாக நீங்களே பார்த்திருந்தால், நடுவே 2,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 நாளுக்கு 2,25,000. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் அரசு தருகிறது, அது தனி. தடைக்காலத்தில் அவர் கேரளத்துப் படகுக்கு வேலைக்குப் போகிற வழக்கம் உண்டென்றால், அதில் வந்தது மொத்தம் 40,000 என்று வையுங்கள். ஆக 2,73,000. இதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 22,750.

இந்த எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் வீட்டு அனுபவத்தில் எது உண்மையோ அதைப் போடுங்கள். டிரைவர் பங்கும் சாதாரண ஆள் பங்கும் ஒன்றல்ல என்பது நீதிமன்றத்துக்குத் தானாகத் தெரியாது, அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். இப்படி நாள் கணக்காகக் காட்டினால் எதிர்த்தரப்பு "இல்லை" என்று ஒற்றைச் சொல்லில் மறுக்க முடியாது. எந்த எண் தப்பு என்று அவரே சொல்ல வேண்டியிருக்கும். குறுக்கு விசாரணையில் அதுதான் வேண்டும். தொகை வருட சராசரியில் முடிவானால், ஏப்ரல் வந்ததும் "தடைக்காலம், தர முடியாது" என்று நிறுத்தவும் அவருக்கு நியாயம் இருக்காது.

ஆதாரம் என்ன சேர்க்கலாம்? அவர் போகும் படகின் பதிவு எண் படகின் பக்கத்திலேயே எழுதியிருக்கும், ராமேஸ்வரம் விசைப்படகுகளில் ஐஎன்டி டிஎன் 10 எம்எம் என்று தொடங்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், படகுக்காரர் பெயர் முகவரியோடு. கணவர் மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்பதற்கும் நிவாரணம் வாங்கியதற்கும் மீன்வளத் துறையில் பதிவு இருக்கும். அவருடைய பைக் எண், கைபேசி எண், ஜிபே எண், சேமிப்புக் கணக்கு எந்த வங்கியில் என்ற விவரம், அவர் பெயரில் பைபர் படகோ வலையோ இருந்தால் அது. நீங்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவர் உங்கள் கணக்குக்குப் போட்ட பணத்தின் வங்கி அறிக்கை பல வழக்குகளில் மிக வலுவான ஆவணம். "மாதம் 12,000 வீட்டுக்குக் கொடுத்தவர் இப்போது 4,000 கூட வரவில்லை என்கிறார்" என்று சொல்ல அது போதும்.

அதே ரஜ்னேஷ் வழக்கின் தீர்ப்பு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். கணவர் தம் பதிலோடு சேர்த்து அதிகபட்சம் நான்கு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு இரண்டு தடவைக்கு மேல் அவகாசம் தரக்கூடாது. நீங்களும் கொடுக்க வேண்டும். உங்கள் நண்டு கம்பெனிக் கூலியை விடாமல் எழுதுங்கள். தாய் சம்பாதிக்கிறாள் என்பதால் தகப்பன் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஆனால் மறைத்த வருமானம் பிடிபட்டால் கெடுவது உங்கள் வழக்குதான். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வாங்கினால் அதையும் எழுதலாம். அது அரசு கொடுப்பது, அவர் பங்கில் கழிக்கிற பணமல்ல.

கடன் கணக்கு வரும், தயாராக இருங்கள். படகுக்காரரிடம் வாங்கிய அட்வான்ஸ் பெரும்பாலும் எல்லாத் தொழிலாளிக்கும் இருக்கும். "முதலாளி பிடித்தது போகக் கைக்கு 500 தான் வருகிறது" என்பார். தானாக வாங்கிக்கொண்ட கடனைக் காட்டி பிள்ளையின் சோற்றைக் குறைக்க முடியாது. வயதான தாய் தகப்பனை அவர் பார்த்துக்கொள்வது உண்மையானால் அதை நீதிமன்றம் கணக்கில் எடுக்கும், எடுக்கத்தான் வேண்டும். "வேலையே இல்லை" என்ற வாதத்துக்கு அஞ்சு கார்க் எதிர் தீபக் குமார் கார்க் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது: உடல் திடமான ஆண் உடலுழைப்பு செய்தாவது மனைவி, பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும்.

அடுத்தது செலவுக் கணக்கு. வருமானத்தைக் கண்டுபிடிப்பதில் எல்லா வேகத்தையும் காட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு என்ன செலவாகிறது என்பதை "மாதம் 10,000 தேவை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இதைப் பிரித்து எழுதுங்கள். மகளின் பள்ளிக் கட்டணம் வருடம் 18,000 என்றால் மாதம் 1,500. வேன் 700. டியூஷன் 500. மகனின் மருந்து, இன்ஹேலர் 650. அவனை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்வர பஸ் செலவு 250. சாப்பாடு, பால் இருவருக்கும் 4,500. துணிமணி, செருப்பு, பெருநாள் செலவு மாதத்துக்குப் பிரித்தால் 500. வீட்டு வாடகை 3,000-இல் பிள்ளைகள் பங்கு 2,000. கேஸ், கரண்டில் அவர்கள் பங்கு 500. மொத்தம் 11,100. ரசீது இருப்பதற்கு ரசீது, மருந்துச் சீட்டுக்கு மருந்துச் சீட்டு. ரேஷன் அரிசி வாங்குகிறவர் அரிசிக்கு 3,000 போட்டால் யாரும் நம்பமாட்டார்கள். கேட்பதில் நாலில் ஒரு பங்கு வீக்கம் இருந்தாலும் மீதி மூன்று பங்கும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும்.

எத்தனை சதவீதம் கிடைக்கும் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். சட்டத்தில் சதவீதம் என்று எதுவும் இல்லை. "சம்பளத்தில் கால்வாசி" என்று ஊரில் சொல்வது ஏதோ ஒரு வழக்கிலிருந்து பரவியது, பிள்ளைகளுக்கான விதி அல்ல. உச்ச வரம்பும் கிடையாது. முன்பு 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது என்று இருந்தது, 2001-இல் எடுத்துவிட்டார்கள். மேலே சொன்ன எண்களையே எடுத்துக்கொண்டால், மகனுக்கு 5,000, மகளுக்கு 5,500 என்று கேட்பது நியாயமாகத் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை குறிப்பிட்ட உயர்வு என்று ஆணையிலேயே சேர்க்கக் கேளுங்கள். இல்லையென்றால் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது 146-ஆம் பிரிவில் தொகையை மாற்றக் கேட்டு மறுபடி மனு போட வேண்டியிருக்கும்.

எங்கே போடுவது? 145-ஆம் பிரிவின்படி நீங்கள் இப்போது குடியிருக்கும் இடத்தை வைத்தே மனு போடலாம். தங்கச்சிமடத்துக்கோ அவர் இருக்கும் இடத்துக்கோ நீங்கள் அலைய வேண்டியதில்லை. குடும்ப நல நீதிமன்ற எல்லைக்குள் இருந்தால் அங்கே, இல்லையென்றால் முதல் வகுப்புக் குற்றவியல் நடுவரிடம். வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும், தொலைபேசியில் கேட்க 15100. எந்த நீதிமன்றம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவார்கள். அப்படி அமர்த்தப்பட்ட வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் அதே அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

மகளிர் காவல் நிலையத்துக்கு முதலில் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அடி உதை, மிரட்டல் இருந்தால் போங்கள். பராமரிப்புத் தொகையைப் போலீஸ் நிர்ணயிக்க முடியாது. அங்கே பேசி எழுதும் ஒப்பந்தம் இன்னொரு ஊர்க் கூட்டத் தாள்தான்.

மனுவோடு மனுவாக இடைக்காலத் தொகை கேட்டுத் தனி மனு போட மறந்துவிடாதீர்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியமட்டும் 60 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து என்பதைக் கவனியுங்கள். கடல் தொழிலாளி வழக்கில் பாதிக் காலம் சம்மன் சேருவதிலேயே போய்விடுகிறது. "கடலுக்குப் போயிருக்கிறார்", "ஆள் இல்லை" என்று திரும்பி வரும். பழைய சட்டத்தில் வீட்டிலிருக்கும் வயது வந்த ஆணிடம்தான் கொடுக்கலாம். இப்போது அவருடன் குடியிருக்கும் வயது வந்த குடும்பத்தார் யாரிடமும் கொடுக்கலாம், அவருடைய தாயே வாங்கினாலும் செல்லும். முகவரியில் வீட்டு எண்ணோடு கைபேசி எண்ணையும், படகின் பதிவு எண்ணையும், அவர் கரையேறும் துறையையும் எழுதிக் கொடுங்கள். விசைப்படகு கடலுக்குப் போகாத செவ்வாய், வியாழன், வெள்ளியில் வாய்தா வைக்கும்படி உங்கள் வக்கீல் கேட்டுக்கொள்ளட்டும். "தொழில் நாள், வர முடியவில்லை" என்ற சாக்கு அதோடு ஒழியும். வேண்டுமென்றே ஒதுங்கினால் அவர் இல்லாமலே ஒருதலைப்பட்சமாகவும் விசாரித்து ஆணை போடலாம். ஆனால் அதை மூன்று மாதத்துக்குள் தகுந்த காரணம் காட்டி அவர் நீக்கக் கேட்க முடியும். ஆகவே அந்த ஆணை கைக்கு வந்ததும் உடனே வசூல் வேலையைத் தொடங்குங்கள்.

வசூல் பற்றிச் சொல்லாமல் விட்டால் இத்தனையும் வீண். ஆணை வாங்கிய பிறகு ஒரு மாதம் தந்து மூன்று மாதம் தராமல் இழுப்பது இந்தக் கரையில் மட்டுமல்ல, எங்கும் நடப்பது. தராத மாதங்களுக்கு நீங்கள் மனு போட வேண்டும். அபராதம் வசூலிப்பதுபோல் வாரண்ட் பிறப்பித்து அவருடைய பொருளைப் பறிமுதல் செய்யலாம், அதன் பிறகும் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை. இரண்டு விஷயம் முக்கியம். பாக்கி சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போடாவிட்டால் அந்த மாதத்துத் தொகைக்கு வாரண்ட் கிடைக்காது. எனவே 3 அல்லது 4 மாதத்துக்கு ஒரு தடவை போடுங்கள், வருடக் கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். இரண்டாவது, சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி தீராது. குல்தீப் கவுர் வழக்கில் முன்பே உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சிறை என்பது வசூலிக்க ஒரு வழி, கடனைத் தீர்க்கும் வழி அல்ல.

பணம் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும் என்று ஆணையில் எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூட வாசலில் மகனிடம் 500 ரூபாயைத் திணித்துவிட்டு "மாதம் 2,000 கொடுத்தேன்" என்று சொல்லும் வழக்கத்துக்கு அப்போதுதான் முடிவு வரும். அதுவரை அவர் எப்போது எவ்வளவு தந்தாலும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். குறைவாகத் தந்ததற்கும் அந்த நோட்டு சாட்சி.

படகுக்காரரிடமிருந்தே நேராக வாங்க முடியுமா என்பது இந்தத் தொழிலுக்கே உரிய கேள்வி. முடியும், ஆனால் வேறு சட்டத்தின் கீழ். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பொருளாதார ரீதியான துன்புறுத்தலையும், அதாவது தர வேண்டிய பணத்தைத் தராமல் இருப்பதையும் வன்முறையாகக் கணக்கில் எடுக்கிறது. அதன் 20-ஆம் பிரிவில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்புக் கேட்கலாம். ஆணைப்படி அவர் பணம் கட்டாவிட்டால் முதலாளிக்கோ, அவருக்குப் பணம் தர வேண்டியவருக்கோ நேராக உங்களிடம் கொடுக்கும்படி நடுவர் ஆணையிட முடியும். பங்கு முறையில் படகுக்காரர் முதலாளியா இல்லையா என்று வாதம் செய்யலாம். ஏலம் முடிந்து பங்கு பிரிக்கும்போது அவருக்குப் பணம் தர வேண்டியவர் என்பதில் வாதமில்லை. "நான் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன், அவர்தான் எனக்குத் தர வேண்டும்" என்று படகுக்காரர் சொல்லலாம், அதற்கு எழுத்துக் கணக்குக் கேட்க வேண்டும். இரண்டு சட்டத்திலும் மனு போடலாம். ஒன்றில் கிடைத்ததை இன்னொன்றில் மறைக்கக் கூடாது, தொகை கழித்துக்கொள்ளப்படும்.

இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால்? அங்கே காவலில் இருக்கும் மாதங்களுக்குப் பணம் கட்டாதது வேண்டுமென்று செய்ததல்ல, அதற்காக நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாது. தொகையைக் குறைக்கவோ அவகாசம் கேட்கவோ அவர் வந்தபின் மனு போட வேண்டும், தானாக நின்றுவிடாது.

"பிள்ளைகளை எடுத்துக்குவேன்" என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். பராமரிப்பு வழக்கில் பிள்ளைகளின் பொறுப்பை மாற்றிக் கொடுக்கும் அதிகாரமே இல்லை. அதற்கு அவர் தனியாக வழக்குப் போட வேண்டும், அங்கேயும் பார்ப்பது பிள்ளையின் நலன். அந்த 1 லட்சத்துக்குப் பிறகு பிள்ளைகள் செலவுக்குப் பணம் தராதவர் அந்த வழக்கில் சொல்வதற்கு அதிகம் இருக்காது. அதே சமயம், பணம் தரவில்லை என்பதற்காகத் தகப்பனைப் பார்க்கவிடாமல் தடுக்காதீர்கள். அதுவும் இதுவும் வேறு வேறு. தடுத்தால் அதையே அவர் பணம் தராததற்குக் காரணமாகச் சொல்வார், நீதிபதி காதில் அது நன்றாக விழும்.

மறுபடி பேசித் தீர்க்கலாம் என்று ஊரில் கூப்பிட்டால் போவதில் தப்பில்லை, ஆனால் வழக்குப் போட்ட பிறகு போங்கள். தொகை ஒத்துவந்தால் அதை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பதிவு செய்யுங்கள். லோக் அதாலத் தீர்ப்பு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது, மீறினால் நிறைவேற்ற வழி உண்டு. பஞ்சாயத்துத் தாளில் அப்படி ஒரு பல்லும் இல்லை.

போகும்போது கையில் இருக்க வேண்டியது: பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அதில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். பள்ளியில் படிப்பதற்கான சான்று, கட்டண ரசீது, மகனின் மருத்துவச் சீட்டு, எல்லோருடைய ஆதார், உங்கள் ரேஷன் கார்டு, கல்யாணப் பதிவு அல்லது போட்டோ, உங்கள் வங்கி அறிக்கை. கூடவே அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தின் நகல். பெரும்பாலும் மூலத்தை ஊர்ப் பெரியவர் ஒருவர் பெட்டியில் வைத்திருப்பார். வழக்குப் போட்டபின் கேட்டால் "காணோம்" என்பார்கள். இந்த வாரமே யாராவது பொதுவான உறவுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் கைபேசியில் இரண்டு பக்கமும் தெளிவாகப் போட்டோ எடுத்துவிடுங்கள், பின்பக்கத்தில் சாட்சிகள் கையெழுத்து இருக்கும்.